காதில் விழாத தீட்டு

பரிபூரணத்தைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை என்கிறாள் என் மனைவி. சரிதான். ஆனால் அருகதை உள்ளவர்கள் யாரும் எழுதப்போவதில்லை. நான் முப்பத்தொரு வருடம் போலீஸில் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவன். ஊரார் வாக்குமூலத்தையெல்லாம் எழுதிய கை இது. என்னுடையதையும் எழுதிவிட்டால் கொஞ்சம் தூக்கம் வருமோ என்னவோ.

பரிபூரணத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கோன் சுற்றும் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை. எட்டு மணி நேரமும் உட்காராமல், மிஷினுக்கு மிஷின் நடந்துகொண்டே பார்க்கிற வேலை. புருஷன் தவறிப் பதினோரு வருடமாகிறது. ஒரே மகள் முனீஸ்வரி. அவளை வன்னியம்பட்டி முத்துக்குமரனுக்குக் கட்டிக்கொடுத்து ஏழு வருடமாகப் பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரி, ஜோசியம், பரிகாரம் எல்லாம் பார்த்தாயிற்று. அதோடு நிற்காமல் பரிபூரணம் பழனிக்கு நேர்ந்துகொண்டாள். மகளுக்குப் பிள்ளை தங்கும்வரை ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் நடந்து வருகிறேன், தங்கிய வருடம் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டுதல். அப்படித்தான் எங்கள் பாதயாத்திரைக் கூட்டத்தில் வந்து சேர்ந்தாள். இந்த வருடத்தோடு ஆறு பங்குனி நடந்தாள்.

கூட்டத்துக்குக் குருசாமி கருத்தையா. தேவதானத்துக்காரர். பட்டாளத்திலிருந்து வந்து விவசாயம் பார்க்கிறவர். உடம்பில் சர்க்கரை இருந்தும் வெறுங்காலோடுதான் நடப்பார். யார் பின்தங்கினாலும் பரேடு மைதானத்தில் நிற்பதுபோல் அதட்டுவார். பரிபூரணம் குள்ளம், அடி எட்டாது. அதட்டலில் பாதி அவளுக்குத்தான் விழும். அவள் கண்டுகொள்ள மாட்டாள். மில்லில் சூப்பர்வைசர் சத்தம் கேட்டுப் பழகிய காது.

எங்கள் நடையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ராஜபாளையத்திலிருந்து பழனிக்கு ஏழு நாள். விடியுமுன் கிளம்பிப் பத்து மணிவரை நடை. பிறகு ஒரு கல்யாண மண்டபமோ புளியமரத்தடியோ பார்த்து ஒதுங்கிவிடுவோம். கஞ்சி, துவையல், தூக்கம். வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடை. சட்டிபானையும் அரிசி மூட்டையும் குட்டியானை வண்டியில் முன்னால் போய்விடும். பங்குனி வெயிலில் தார் ரோடு தோசைக்கல்லாகக் கொதிக்கும். வெறுங்காலோடு நடக்கிறவனுக்கு அந்த ரோட்டில் உரிமை உள்ள இடம் ஓரத்து வெள்ளைக் கோடு மட்டும்தான். அதில் சூடு கொஞ்சம் குறைவு. முப்பது பேரும் அந்த நாலு விரக்கடைக் கோட்டில் ஒருவர் பின் ஒருவராகப் போவோம். முன்னால் வேல் போகும். ஆள் உயர வேல். மாலை போட்டவர்கள் எல்லாரும் முறைவைத்து அரை மணி நேரம் சுமக்க வேண்டும்.

காலில் கொப்புளம் போட்டால் பரிபூரணம்தான் டாக்டர். ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்தை ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டுவிடுவாள். நீர் நூல் வழியாக வடிந்துவிடும், தோல் உரியாது. ஒவ்வொரு மத்தியானமும் யார் பாதமாவது அவள் மடியில் இருக்கும். என் குதிகாலைப் பார்த்து, "ஏட்டையா காலு லத்தி கணக்கா இருக்கு, ஊசி ஒடிஞ்சிரும்" என்பாள்.

இனி எங்கள் சட்டத்தைச் சொல்ல வேண்டும். அவள் வந்த முதல் வருடம், வத்தலக்குண்டு தாண்டிப் போகும்போது சேத்தூர்க்காரர் ஒருவருக்குப் போன் வந்தது. பெரியப்பா இறந்துவிட்டார். மனுஷன் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தவர். தீட்டு வந்துவிட்டதே என்று மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதார். அந்தப் பெரியப்பாவோடு பத்து வருடமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது. அன்று எல்லாரும் கூடிப் பேசினோம். பிறப்பானாலும் இறப்பானாலும் செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு என்று கருத்தையா சொன்னார். அப்போது எழுந்து நின்று பேசியவள் பரிபூரணம். காதில் விழாத தீட்டு ஒட்டாது என்றால் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்றாள். அன்றிலிருந்து எல்லார் போனும் ஒரு மஞ்சள் பைக்குள் போய்க் குட்டியானையில் தொங்கும். கருத்தையாவிடம் மட்டும் ஒரு போன். கெட்ட செய்தி வந்தால் தரிசனம் முடிந்த பிறகுதான் சொல்வது.

மூன்று வருடம் முன்பு எங்கள் கூட நடந்த தங்கபாயின் தம்பி இறந்த செய்தியை அப்படித்தான் மூன்று நாள் மறைத்தோம். அவளுக்குத் தெரியாமல் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினோம். பந்தியில் பெரிய வடை அவளுக்கு, தூங்க நல்ல நிழல் அவளுக்கு. பரிபூரணம் தினமும் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். மலை இறங்கியதும் சொன்னோம். தங்கபாய் எங்களைத் திட்டவில்லை. அதனால் நாங்கள் செய்தது சரி என்று நினைத்துக்கொண்டோம்.

இந்த வருடம் முனீஸ்வரிக்கு எட்டு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். சித்திரைக் கடைசியில்தான் தேதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். உத்திரம் முடிந்தும் வாரக்கணக்கில் நாள் இருக்கிறது. இருந்தாலும் இந்த ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பால்குடம் எடுத்துவிட்டு வா என்று நான் சொன்னேன். இதை என் பெருமைக்குச் சொல்லவில்லை. சொன்னதோடு நிறுத்திக்கொண்டவன்தான்.

"கேக்கும்போது நடந்தேன் ஏட்டையா. குடுத்த பொறவு பஸ்ல போகவா?" என்றாள்.

கிளம்பும் அன்று முனீஸ்வரி வாசல்வரை வந்தாள். துணைக்கு மாமியார் பாலம்மாள் வன்னியம்பட்டியிலிருந்து வந்திருந்தாள். முனீஸ்வரியின் இரண்டு காலும் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கத்தான் செய்யும் என்று பாலம்மாள் சொன்னாள். எனக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. பரிபூரணம் மகள் தலையில் கைவைத்து, வலி எடுத்தால் எந்த ஊரில் இருந்தாலும் பஸ் ஏறிவிடுவேன் என்றாள். கருத்தையாவின் நம்பரை மகள் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அவரிடமும் தனியாகச் சொன்னாள்: முனீசு கூப்பிட்டால் மட்டும் உடனே சொல்லிவிட வேண்டும், சட்டம் கிட்டம் பார்க்கக் கூடாது. கருத்தையா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நானும் பார்த்தேன்.

முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிக் கிருஷ்ணன்கோயிலில் தங்கினோம். மேற்கே மலையில் எங்கோ தீப்பிடித்து, நாளெல்லாம் புகை எங்கள் கூடவே வந்தது. வெயிலுக்கு அந்தப் பக்கம் ஆகாயமே பழுப்பாகத் தெரிந்தது. மலை எரிகிற வருடம் நல்லதில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது, சும்மா நடங்கய்யா என்றேன்.

இரண்டாம் நாள் காலை, ஒரு டீக்கடையில் நிற்கும்போது கருத்தையாவின் போன் அடித்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்து நான் பக்கத்தில் போனேன். முத்துக்குமரன் பேசினான். முனீஸ்வரிக்குப் பிரஷர் ஏறி வலிப்பு வந்துவிட்டது. இங்கே முடியாது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பிக்கொண்டிருக்கிறது. அத்தையை அனுப்பிவையுங்கள்.

பரிபூரணம் பத்தடி தள்ளி யாருக்கோ டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவோம் என்றேன். கருத்தையா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். ஏழு வருடமாகக் கேட்டு வாங்கிய பிள்ளை. பால்குடம் எடுக்காமல் பாதியில் மாலையைக் கழற்றினால் கொடுத்தவரே எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? நடை நின்றால்தான் ஆபத்து, நடந்தால் அவர் பார்த்துக்கொள்வார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மனுஷன் நடிக்கவில்லை. அதுதான் வினை. நடிக்கிறவனாக இருந்தால் நான் மடக்கியிருப்பேன். சாயங்காலம்வரை பார்ப்போம் என்று சொல்லி நானும் அடங்கிவிட்டேன்.

அதன்பிறகு முக்கால் மணி நேரம் இருக்கும். அழகாபுரிக்கு முன்னால், எங்களுக்குப் பின்பக்கமிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. பரிபூரணத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆம்புலன்ஸ் போனால் வெள்ளைக் கோட்டை விட்டுக் கீழே மண்ணில் இறங்கி, தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கும்பிடுவாள். அன்றும் இறங்கினாள். கும்பிட்டாள்.

"யாரு பெத்த பிள்ளையோ. முருகா, கூடவே போ."

வண்டி எங்களைக் கடந்து போயிற்று. கருத்தையா என்னைப் பார்த்தார். நான் வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன். வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ வீடுகளுக்குச் சாவுச் செய்தி கொண்டுபோயிருக்கிறேன். பதமாகச் சொல்வான் என்று என்னைத்தான் அனுப்புவார்கள். உன் மகள் உயிரோடு இருக்கிறாள், அந்த வண்டியில்தான் போகிறாள், அடுத்த பஸ்ஸைப் பிடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்போதே ஏறியிருந்தால் மத்தியானத்துக்குள் மகள் பக்கத்தில் இருந்திருப்பாள்.

அன்று சாயங்காலம் டி.கல்லுப்பட்டியில் மறுபடி போன் வந்தது. கருத்தையா தள்ளிப்போய்ப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து, முனீசுக்கு நினைவு வந்துவிட்டது, பேசுகிறது, எல்லாம் சரியாகிவிடும் என்றார். நல்ல செய்தி என்று நானும் நம்ப விரும்பினேன். அதற்கு மேல் போன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை, போலீஸ்காரனுக்கு.

மூன்றாம் நாள் விடியற்காலை அவரே அங்கே கூப்பிட்டுக் கேட்டார். ராத்திரி ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்திருக்கிறது. எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தாய் இன்னும் கண் விழிக்கவில்லை. பார்த்தாயா, நடை வீண்போகவில்லை என்றார் கருத்தையா. ஆனால் அன்று முழுக்க அவர் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்தத் தப்பு நடந்தது. பேரையூர் தாண்டியதும் வேல் பரிபூரணத்தின் முறைக்கு வந்தது. அவள் துண்டைச் சும்மாடாக வைத்துத் தோளைக் கொடுத்து நின்றாள். கருத்தையா அவளைத் தாண்டி அடுத்த ஆளிடம் வேலைக் கொடுத்துவிட்டார். உனக்குக் கால் வலிக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். காதில் விழாத தீட்டு ஒட்டாது என்று வாயால் சொன்னவருக்கு, பிறப்பு நடந்த வீட்டுக்காரி கையில் வேலைக் கொடுக்க மனசு வரவில்லை. மத்தியானம் சாமிக்குப் படைக்கிற பொங்கலைக் கிளற வந்தாள். நீ உட்காரு என்று கரண்டியை வாங்கிவிட்டார். இவ்வளவையும் செய்துவிட்டு, செய்த பாவத்துக்குச் சரிக்கட்டுவதுபோல அவள் துணிப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அதட்டவேயில்லை. நான் வேறு, என் பங்குக்கு, என் இலையில் விழுந்த வடையை அவள் இலைக்கு மாற்றினேன். கை பழக்கத்தில் செய்தது அது.

சாயங்காலம் அவள் என் கூட நடந்தாள்.

"தங்கபாய்க்கு நாம என்னென்ன செஞ்சோம் ஏட்டையா?" என்றாள்.

வெயிலில் உனக்கு மண்டை காய்ந்துவிட்டது என்றேன். அவள் கொஞ்சம் சிரித்தாள். தேதிக்கு இன்னும் எத்தனை வாரம் கிடக்கிறது, முனீசு கூப்பிட்டிருந்தால் குருசாமி சொல்லியிருப்பார், என்னிடம் தலையாட்டினாரே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதன்பிறகு வழியில் பார்த்த சின்னச் சின்னக் கோயிலுக்கெல்லாம் நின்று நின்று கும்பிட்டாள். நான் முன்னால் நடந்துவிட்டேன். அவள் பக்கத்தில் நடக்க எனக்குப் பயமாக இருந்தது.

நாலாம் நாள் காலை உசிலம்பட்டி. எட்டரை மணிக்கு ரோட்டோரம் பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். வேலை எடுக்கக் கருத்தையா குனிந்தபோது பரிபூரணம் அவர் முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"எங்கிட்ட குடுங்க குருசாமி."

அவர் ஏதோ கால்வலி என்று ஆரம்பித்தார்.

"என் வீட்ல தீட்டு இல்லேன்னா குடுங்க."

முப்பது பேரும் நின்றுவிட்டார்கள். கருத்தையா வேலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வைத்தார். அந்த ஒரு அடி போதுமானதாக இருந்தது.

"பிறப்பா, இறப்பா? அத மட்டும் சொல்லுங்க," என்றாள்.

"நடந்து முடிச்சிருவோம்த்தா. இன்னும் மூணு நாளுதான," என்றார் அவர். கெஞ்சுகிற குரல்.

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. பிறப்புதான், பெண்பிள்ளை என்றேன். முனீஸ்வரி மதுரையில் இருக்கிறாள், முந்தாநாள் நம்மைத் தாண்டிப் போன வண்டியில்தான் போனாள், இன்னும் கண் விழிக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பதமாகச் சொல்லத் தெரிந்தவன் அன்று கல்லைக் கொட்டுவதுபோல் கொட்டினேன். அவள் என்னைத் திட்டவில்லை. கருத்தையாவையும் திட்டவில்லை. குட்டியானைக்குப் போய் மஞ்சள் பையைக் கொட்டித் தன் போனைத் தேடி எடுத்தாள். மாலையைக் கழற்றக்கூட நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகமாக நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது கூட்டம் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

மதுரை பஸ்ஸில் அவள் போனைத் திறந்து மகள் நம்பருக்கு அடித்துக்கொண்டே வந்தாள். மணி போயிற்று, எடுக்கவில்லை. மருமகனும் எடுக்கவில்லை. எடுக்காத போனுக்கு என்ன அர்த்தம் என்று என் வேலையில் எனக்குத் தெரியும். அவள் மட்டும் பேசிக்கொண்டே வந்தாள். பிள்ளைக்குத் தலைமுடி இருக்காமா, நிறம் யாரைக் கொண்டிருக்காம் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"நான் போயிட்டா முழிச்சிருவா. சின்னதுலயும் அப்படித்தான். நைட் ஷிப்ட் முடிஞ்சு நான் கதவத் தொறக்குற சத்தத்துக்கே முழிச்சிருவா," என்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முத்துக்குமரனும் பாலம்மாளும் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முத்துக்குமரன் எங்களைப் பார்த்ததும் எழுந்தான். தலையை மட்டும் ஆட்டினான். காலை எட்டே காலுக்கு உயிர் போயிருக்கிறது. நாங்கள் பொங்கல் இலையை மடித்துக்கொண்டிருந்த நேரம்.

பரிபூரணம் அழவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டாள். பாலம்மாள் எழுந்திருக்காமல் அவள் கழுத்து மாலையையே பார்த்தாள்.

"சாமி பாத்துட்டுத்தான் வருவேன்னு சொல்லிட்டீங்களாமே மதினி. அதுக்குள்ள பாத்துட்டீங்களா?"

புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்று கருத்தையா என்ன சொன்னார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. திரும்பத் திரும்பக் கூப்பிடாமல் இருப்பதற்காகப் பரிபூரணம் சொன்னதாகவே சொல்லியிருக்கிறார். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மருமகன் பக்கம் திரும்பினாள்.

"இத அவ கேட்டாளா?"

"ஸ்பீக்கர்ல போடச் சொன்னா அத்தை. அம்மா என்ன சொல்றாவன்னு தானே கேக்கணும்னா."

"கேட்டுட்டு?"

முத்துக்குமரன் சுவரைப் பார்த்தான். "ஒண்ணும் சொல்லல. அதுக்குப் பொறவு உங்களக் கேக்கவேயில்ல."

நான் முன்னால் போனேன். இந்தம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது, நாங்கள்தான் மறைத்தோம், அவள் அப்படிச் சொல்லவேயில்லை என்று பாலம்மாளிடம் சொல்லத் தொடங்கினேன். பரிபூரணம் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அன்று ஒரு தடவைதான்.

"விடுங்கண்ணே. கேக்க வேண்டியவ போயிட்டா," என்றாள்.

பிறகு மருமகன் கைகாட்டிய கதவுப் பக்கம் நடந்தாள். வெறுங்கால், தார் ஒட்டிய பாதம். அந்தக் கதவுக்குள் அவள் கூடப் போக என்னால் முடியவில்லை. வராந்தாவிலேயே நின்றேன்.